நூறு ரூபாய்க்கு ஒரு வாஷர்

இதில் எழுதியிருப்பது அத்தனையும் சத்தியம். பெருமாள் மேல் ஆணையிட்டுச் சொல்லலாம். ஆனால் ஸ்ரீபெரும்புதூர்ப் பெருமாள் மேல் ஆணையிட்டு இந்தப் பக்கத்தில் எவ்வளவோ நிலம் விற்றாகிவிட்டது. அந்த வார்த்தை இப்போது அவர் காதில் ஏறுவதில்லை என்று கேள்வி. ஆகவே என் கடைத் தராசின் மேல் ஆணை. பிள்ளைப்பாக்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் மளிகைக் கடை வைத்திருந்தவன் நான். அந்தத் தராசில் நான் எடை போட்டுக் கொடுத்த பருப்பையும் புளியையும் ஒரே இடத்தில் குவித்தால் வல்லக்கோட்டை முருகன் கோயில் கோபுரம் மறைந்துவிடும். ஒருவருக்கும் ஒரு கிராம் குறைந்ததாகப் புகார் கிடையாது. ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள்தான். அவர்கள் அதன் பிறகு கடைக்கு வரவில்லை என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கடையை மூடிய பிறகு வீட்டுக்குப் பின்னால் ஆறு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டேன். எல்லோரும் கம்பெனிக்குப் போகிறவர்கள். விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு பஸ், மத்தியானம் ஒரு பஸ் என்று வந்து அள்ளிக்கொண்டு போகும். மூன்றாவது போர்ஷனில் பாஞ்சாலியும் அவள் புருஷன் வனமாமலையும். பாஞ்சாலிக்குச் சொந்த ஊர் சேரப்பணஞ்சேரி, ஒரகடத்தில் காருக்கு பிரேக் சாமான் செய்கிற கம்பெனியில், ஸ்டோர்ஸில் வேலை. வனமாமலைக்கு நாங்குநேரி, வேறொரு கம்பெனியில் வண்டிக்கு ஷாக்கப்ஸர் மாட்டுகிற லைனில் நிற்கிறான். மளிகைக் கடை வைத்தவன் எவனாக இருந்தாலும் அவன் ஊரில் அண்ணாச்சியாம். ஆகவே தாமிரபரணியைக் கண்ணாலும் பார்க்காத நான் அவனுக்கு அண்ணாச்சி.

போன வருஷம் ஜூன் ஏழாம் தேதி, ஷிப்ட் முடிந்து வந்த வனமாமலை செருப்பைக் கூடக் கழற்றாமல் குழாயடியில் உட்கார்ந்தான். கையில் போன். முகம் ஊறப்போட்டு மறந்த சட்டை மாதிரி இருந்தது.

"செக்கு திரும்பிட்டு அண்ணாச்சி."

"எந்த செக்குப்பா?"

"அலமு அம்மாவுக்குக் குடுத்தோம்லா. மொத செக்கு."

 அலமுவோடு போட்ட மனை ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. மண்ணூரில் அலமுவுக்குச் சொந்தமான இடத்தில் ஒன்றேகால் சென்ட் மனை. பாஞ்சாலியின் நகையும் வனமாமலையின் பி.எஃப். பணமும் சேர்த்து நாலு லட்சம் முன்பணமாகப் போயிருந்தது. மீதிக்கு மாதம் பதினைந்தாயிரம் வீதம், ஏழாம் தேதி போட்ட பன்னிரண்டு செக்கு. எந்தச் செக்கு திரும்பினாலும் ஒப்பந்தம் ரத்து, முன்பணமும் கிடையாது என்று ஒரு வரி. அந்த வரியை வனமாமலை படிக்கவில்லை. படித்த நானும் அவனிடம் சொல்லவில்லை. செக்கு எதற்குத் திரும்பப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

"பணம் இருந்துச்சே. நேத்துகூட பாத்தேன். எழுவத்தெட்டாயிரம் கெடந்துது" என்றான்.

போனை வாங்கிப் பார்த்தேன். மூன்று செய்திகள். வங்கிக் கணக்கில் ஆறாயிரம் சொச்சம். அவன் கார்டிலிருந்து ஒரு செய்தி, பாஞ்சாலி கார்டிலிருந்து ஒரு செய்தி. இந்த கிரெடிட் கார்டுகள் கம்பெனி வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் பையன்களிடம் வாங்கியவை. கார்டு வாங்கினால் சக்கரம் வைத்த பெட்டி இலவசம். அவனுக்கு ஒரு பெட்டி, அவளுக்கு ஒரு பெட்டி. பெட்டியை இழுத்துக்கொண்டு போக ஓர் ஊரும் வாய்க்காததால் ஒன்றில் அரிசியும் ஒன்றில் போர்வையும் வைத்திருந்தார்கள். உன்னிடம் இவ்வளவு பணம் இருக்கிறது என்று வங்கி செய்தி அனுப்புகிறது. இன்னும் இவ்வளவு கடன் வாங்க உனக்கு இடம் இருக்கிறது என்று கார்டு செய்தி அனுப்புகிறது. இரண்டும் ஒரே நீளம், ஒரே மரியாதை. வனமாமலை மூன்றையும் கூட்டி வைத்திருந்தான். அவனைக் குறை சொல்லக் கூடாது. அந்த லைனில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் கூட்டுகிறார்கள். மீதிப் பேர் பார்ப்பதே இல்லை.

அலமு போனில் வந்தாள். ஸ்பீக்கரில் போட்டான்.

"நாளைக்கு ரொக்கமா குடுத்துடுப்பா, இந்த ஒரு தபா உட்டுடறேன். இன்னொரு செக்கு திரும்பிச்சின்னா மனையும் இல்ல, அட்வான்ஸும் இல்ல. எனுக்கும் பொண்ணு கல்யாணக் கடன் கீது. அந்த சுப்பராயலு பெரிசாண்டையும் சொல்லிடு, சாட்சி போட்டுக்கினு சும்மா குந்திக்கினு இருந்தா ஆச்சா?"

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது பாஞ்சாலி கழுத்தில் மிச்சமிருந்த மெல்லிய சங்கிலியைக் கழற்றி, வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றி, எடை பார்ப்பவள் போல் இரண்டு முறை தூக்கிப் பார்த்தாள். மறுநாள் அது அடகுக் கடைக்குப் போனது. செக்கு பதினொன்று பாக்கி.

அந்த மாதம் முழுவதும் அவள் கணக்கோடு மல்லுக்கு நின்றாள். முதலில் நோட்டு. செக்குக்கு ஒரு பக்கம், அவன் கார்டுக்கு ஒரு பக்கம், தன் கார்டுக்கு ஒரு பக்கம். நாலாம் நாள் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதிலேயே சண்டை வந்தது. டீக்கடையில் ஸ்கேன் செய்து கொடுத்த இருபது ரூபாய்க்குப் பக்கமே இல்லை. பிறகு போனில் ஏதோ ஒரு ஆப். அது பணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அவள் பிறந்த தேதி, வயது, எதிர்கால லட்சியம் எல்லாம் கேட்டுவிட்டு, இன்னொரு கார்டு வேண்டுமா என்று விசாரித்தது. அதையும் அழித்தாள்.

ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாள். நான் கடை இருந்த முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"தாத்தா, உங்க தராசு இன்னும் கீதா?"

"எதுக்கும்மா?"

"எங்க ஸ்டோர்ஸ்ல ஒரு லோடுல ரெண்டு லட்சம் ஸ்க்ரூ வரும். யாரும் எண்ண மாட்டாங்க. பத்து ஸ்க்ரூவ எட போடுவோம், அப்பால மூட்டைய எட போடுவோம். எத்தினின்னு தெரிஞ்சிடும். எண்றவந்தான் தப்பு பண்ணுவான், எட போடறவன் தப்பு பண்ண மாட்டான். இந்த ரூவாவ மட்டும் நானு ஏன் எண்ணிக்கினு கீறேன்?"

எனக்கு எழுபத்து நாலு வயது. எவ்வளவோ புத்திசாலிகளுக்குக் கடன் கொடுத்திருக்கிறேன். பணத்தை எடை போடலாம் என்று ஒருத்தர் சொல்லி அன்றுதான் கேட்டேன். ஏணியை எடுத்துப் பரண்மேல் ஏறினேன். பன்னிரண்டு வருஷத்துத் தூசியோடு தராசு இருந்தது. தண்டு, முள், சங்கிலிகள், பித்தளைத் தட்டு இரண்டு, எல்லாம் சரி. படிக்கல் தட்டில் எப்போதும் கிடக்கும் சின்ன இரும்பு வளையம் ஒன்றை மட்டும் காணோம். அது சும்மா ஒரு அழகுக்காகக் கிடந்தது.

பழைய கொக்கியிலேயே தராசை மாட்டினோம். காலித் தராசு இரண்டு ஆட்டம் ஆடி நின்றது. சாமான் தட்டு கொஞ்சம் இறங்கி நின்றது.

"இன்னா தாத்தா, ஒண்ணியும் வெக்கல, இந்தப் பக்கம் எறங்குது?"

"காத்தும்மா."

"ஃபேன் ஆஃப்ல கீது."

"வெளியில அடிக்குதே."

வாசலில் வேப்பமரம் அசையாமல் நின்றது. பாஞ்சாலி மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சாமான் தட்டைத் துடைக்கிற சாக்கில் அதன் அடியில் கையை விட்டு, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். நான் பேப்பரில் நெல் விலையைப் படித்தேன்.

"சரி, காத்துன்னே வெச்சிக்கலாம். காத்துக்கும் கணக்குல ஒரு எடம் வோணும்ல" என்றாள்.

கம்பெனியிலிருந்து ஒரு திருகாணி கூட அவள் கொண்டுவரவில்லை. அதையும் தராசின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். ஒரகடம் கூட்ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் காசு கொடுத்து வாங்கினாள். சின்ன வாஷர் ஒன்று ஒரு கிராம். அது நூறு ரூபாய். பெரிய நட்டு ஒன்று பத்து கிராம், அது ஆயிரம். கடைக்காரர் எதற்கு என்று கேட்டாராம். "சம்பளம்" என்றாளாம். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூலை முதல் தேதி சாயங்காலம் ஆறு போர்ஷன்காரர்களும் முன்னறையில் கூடிவிட்டார்கள். ஆறாவது போர்ஷன் ரத்னா குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வந்தவள், அது எத்தனை விசில் அடித்தது என்று கடைசிவரை கவனிக்கவில்லை.

படிக்கல் தட்டு கையிருப்புக்கு. இரண்டு பேர் சம்பளம் நாற்பத்தோராயிரம், பழைய மிச்சம் இரண்டாயிரம். நாற்பத்து மூன்று நட்டுகளை அதில் வைத்தாள். தட்டு கீழே போய் நின்றது. வனமாமலைக்கு முகம் மலர்ந்தது.

சாமான் தட்டு போகிற பணத்துக்கு. அலமுவின் செக்குக்குப் பதினைந்து நட்டு.

"செக்க அந்தம்மா ஏழாந்தேதில்லா போடுவாங்க? இன்னைக்கே எதுக்கு வைக்க?" என்றான் வனமாமலை.

"கையெழுத்து எப்ப போட்ட?"

"அது மே மாசம்."

"அப்பவே போயிடிச்சி. பேங்குக்குத்தான் இன்னும் தெரியாது."

இரண்டு கார்டிலும் சேர்ந்து தேய்த்திருந்தது பத்தொன்பதாயிரம். பத்தொன்பது நட்டு. என் வாடகை ஐந்து நட்டு, ஐந்து வாஷர். அதை வைக்கும்போது நான் கூரையைப் பார்த்தேன். தராசுத் தண்டு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. அதன் பிறகு வாஷர்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். பதினைந்தாவது வாஷரில் முள் நடுவுக்கு வந்து நின்றது.

"இந்த மாசத்துக்கு நம்மளுது ஆயிரத்து ஐநூறு" என்றாள்.

வாசகர்கள் யாரும் காகிதத்தை எடுத்துக்கொண்டு கூட்டிப் பார்க்க வேண்டாம். தராசு சொன்னால் சொன்னதுதான்.

முந்தின மாதம் வரை எழுபத்தெட்டாயிரத்துக்கு அதிபதியாக இருந்த மனுஷன் அந்தப் பதினைந்து வாஷரையும் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தான். "இத வச்சு ஒரு ஷாக்கப்ஸர்கூட மாட்ட முடியாதே" என்றான். யாரும் சிரிக்கவில்லை. ரத்னா மட்டும் கொஞ்சம் சிரித்தாள். அப்போதுதான் குக்கர் வாசனை வந்தது.

அவள் கண்டுபிடித்த சட்டம் ஒன்றே ஒன்று. செக்கு கிழித்தாலும், கார்டு தேய்த்தாலும், போனால் ஸ்கேன் செய்தாலும் மூன்றுக்கும் ஒரே தட்டு. அன்றைக்கே, வீட்டுக்குள் நுழையும் முன், வாஷர் போட்டுவிட வேண்டும். முள் நடுவுக்கு வந்தால் நிறுத்திக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். படித்தவர்கள் இதை எத்தனை பாகமாக எழுதியிருப்பார்களோ. அவள் ஒரு கொக்கியில் மாட்டிவிட்டாள்.

ஆனால் அதன் அழகு எனக்கு ஐந்தாம் தேதிதான் புரிந்தது. அன்று அவன் கார்டுக்குப் பில் கட்டுகிற நாள். அதற்கு முன்னால் பில் கட்டுகிற நாளில் மூன்றாவது போர்ஷனில் அடுப்பு எரியாது. வீட்டில் யாரோ போய்விட்டது போல இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அன்று பாஞ்சாலி வேலையிலிருந்து வந்தாள். வங்கியிலிருந்து பதினொராயிரம் போய்விட்டதாகச் செய்தி. இருப்புத் தட்டிலிருந்து பதினொரு நட்டு எடுத்தாள். போகிற தட்டிலிருந்தும் பதினொரு நட்டு எடுத்தாள். முள் இருந்த இடத்திலேயே நின்றது. ஏழாம் தேதி அவள் கார்டுக்கு எட்டு, அலமுவின் செக்குக்குப் பதினைந்து. இரண்டு பக்கமும் எடுத்தாள். முள் அசையவில்லை. பில் வந்தது, செக்கு வந்தது, பணம் போனது, அந்த வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதை அத்தனை ஆசையாக நான் பார்த்தது அன்றுதான். வனமாமலை எழுந்து போய்க் கோழிமுட்டை வாங்கி வந்தான். வரும் வழியிலேயே வாஷரைக் கையில் எடுத்துக்கொண்டான்.

தராசின் புகழ் பரவியதைப் பற்றி நான் குறைத்தே சொல்கிறேன். ஒரு நாள் மூன்று மணிக்குக் காலி அறையில் சாமான் தட்டு தானாகத் துள்ளியது. பாஞ்சாலி அப்போதே புருஷனுக்குப் போன் போட்டாள். ஆள் ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும் முன் கூட்ரோட்டில் சிக்கன் ரோல் தின்றுகொண்டிருந்தான். அது நூற்றிருபது ரூபாய். வாய் நிறைய ரோலோடு "ஒண்ணுமில்லயே" என்றானாம். "ஒண்ணுமில்லாததுக்குத் தட்டு ஏன் குதிக்கிது?" என்றாளாம். இன்னொரு நாள் காக்கை ஒன்று போகிற தட்டிலிருந்து ஒரு வாஷரைக் கொத்திக்கொண்டு பறந்தது. மறுநாள் காலை அவர்கள் கணக்கில் நூறு ரூபாய் ஏறியிருந்தது. கேஷ்பேக் என்று கார்டுக்காரர்கள் சொன்னார்கள். அவர்களுக்குக் காக்கையைப் பற்றித் தெரியாது. ஆவணி வாக்கில் ஆறு போர்ஷனிலும் ஆளுக்கொரு தராசு தொங்கியது. ஐப்பசியில் ஒரகடத்தில் சின்ன வாஷர் தட்டுப்பாடு வந்து, இரண்டு நாள் ஒரு கம்பெனியில் லைன் நின்றுவிட்டது. அந்தக் கம்பெனியின் ஜப்பான்காரர் காரில் வந்து இறங்கி, அரை மணி நேரம் தராசைப் பார்த்துவிட்டு, பாஞ்சாலிக்கு இடுப்பு வரை குனிந்து கும்பிட்டார். எனக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

இப்படிப் பத்து செக்கு போனது. கடைசிச் செக்கு, இந்த மே மாதம் ஏழாம் தேதி.

அந்த மாதம் கை இறுக்கம். பத்திரம் எழுதுகிறவருக்கு முன்பணம், முத்திரைத்தாள், அடகுச் சங்கிலியை மீட்டது எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. முள் நேர் நடுவில் நின்றது. இன்னொரு வாஷருக்கு இடமில்லை. ஒரு வாரமாக வனமாமலை டீ கூடக் குடிக்கவில்லை. கம்பெனியில் கொடுக்கிற டீயை மட்டும் இரண்டு முறை வாங்கிக் குடித்தானாம்.

ஏழாம் தேதி, அக்னி நட்சத்திர வெயில். லைனில் நிற்கிறவர்கள் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இரண்டரைக்கு வெளியே வந்து போனை எடுத்த வனமாமலை, அதே இடத்திலிருந்து பாஞ்சாலியைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். அவன் நேராகத் தராசுக்கு முன் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, தட்டுல இவ கார்டுக்கு எவ்வளவு கெடக்கு?"

"நாலு நட்டு, ரெண்டு வாஷர். நாலாயிரத்து இருநூறு."

"கார்டுக்காரன் எடுத்தது அஞ்சாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுவது."

வருஷக் கட்டணமாம். முதல் வருஷம் இலவசம், இரண்டாம் வருஷம் ஆயிரத்து ஐநூறு, அதற்கு வரி இருநூற்று எழுபது. பில் மெயிலில் வந்திருந்தது. மெயிலை யார் பார்க்கிறார்கள். யாரும் தேய்க்காத, யாரும் ஸ்கேன் செய்யாத ஆயிரத்து எழுநூற்று எழுபது ரூபாய். தட்டில் அதற்கு வாஷர் இல்லை. வங்கியில் அது விடிந்ததும் போய்விட்டது. அலமுவின் செக்கு அதற்குப் பின்னால் போய் நின்றிருக்க வேண்டும். செக்கைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. வங்கிக்குப் போன் போட்டான். பாட்டு வந்தது.

பாஞ்சாலி வாஷர் டப்பாவைத் திறந்து பதினெட்டு வாஷர் எண்ணி, போகிற தட்டில் போட்டாள். அது டக்கென்று இறங்கியது. அந்தச் சத்தத்துக்கு வனமாமலை தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பதினோரு மாசம். ஒரு டீ குடிக்காம. கடைசில வந்து" என்று நிறுத்தினான். "உன் நகையும் போச்சு புள்ள."

அவள் சாமான் தட்டின் அடியில் கை வைத்து அதைத் தாங்கினாற்போல் நின்றாள். அவள் முகத்தில் பயம் இருந்ததா என்று கேட்டால், எனக்கு வயதாகிவிட்டது, கண்ணும் அவ்வளவு தெளிவில்லை.

நாலு மணிக்கு வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. அலமு இறங்கினாள். கையில் மஞ்சள் பை. பையில் ஒப்பந்தம் இருப்பது வெளியே தெரிந்தது. மண்ணூரிலிருந்து அந்த வெயிலில், அத்தனை தூரம், ஒருத்தி நல்ல சேதி சொல்ல வரமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. வனமாமலை எழுந்து நின்றான். பாஞ்சாலி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அலமு அண்ணாந்து மொத்தத்தையும் குடித்தாள், முந்தானையால் வாயைத் துடைத்தாள், ஃபேனுக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதன் பிறகுதான் தராசைப் பார்த்தாள்.

அவள் மண்ணூருக்கு வாக்கப்பட்டவள். பிறந்தது எங்கள் ஊர். தாவணி போட்ட காலத்திலிருந்து என் கடையில் சாமான் வாங்கியவள்.

"இன்னா சுப்பராயலு, இத இன்னும் வெச்சிக்கினு கீறியா? இதுல வாங்குன பருப்பு நம்ம வூட்டுக்குப் போறதுக்குள்ள எளச்சிடும்."

"நடந்து போனா எளைக்கத்தான் செய்யும்" என்றேன்.

"பருப்பா நடந்துச்சு?"

வனமாமலையால் தாங்க முடியவில்லை. "அம்மா, செக்கு" என்றான்.

"அதுக்குத்தாம்பா வந்தேன்." பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். விரித்தாள். கண்ணாடியைத் தேடினாள். கண்ணாடி பைக்கு அடியில் இருந்தது. அதைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். எனக்குத் தெரிந்து ஒரு மனுஷி கண்ணாடி மாட்டுவதற்கு அத்தனை நேரம் எடுத்துக்கொண்டதில்லை. "காலைல பேங்குக்கே போய்ட்டேன். பணம் ஏறிடிச்சி. பன்னண்டும் முடிஞ்சிபோச்சி. ரிஜிஸ்டர் எப்ப வெச்சிக்கலாம் சொல்லு. இதுல எதுனா எழுதித் தரணுமா?"

வனமாமலை தராசைப் பார்த்தான், அலமுவைப் பார்த்தான், போனை எடுத்தான். செய்தி அப்போதுதான் வந்து விழுந்தது. செக்கு பாஸாகிவிட்டது, கணக்கில் மீதி இருநூற்று முப்பது ரூபாய்.

"எப்படி? முள்ளு நடுவுலல்லா நின்னுது. ஒத்தப் பைசா மிச்சமில்லன்னுல்லா சொல்லுச்சு" என்றான்.

"தராசுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்குப்பா" என்றேன் நான். "வருஷக் கட்டணம் வரப்போவுதுன்னு எடுத்து ஒதுக்கி வெச்சிருக்கு."

நான் சும்மா சொல்லவில்லை. வேறு விளக்கம் யாருக்காவது இருந்தால் சொல்லட்டும். அதற்குள் ரத்னா உள்ளே போய்க் குங்குமம் கொண்டுவந்து தராசின் தண்டில் வைத்துவிட்டாள். ஐந்தாவது போர்ஷன் ஆள் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான். அலமு மட்டும் கும்பிடவில்லை. என்னைப் பார்த்தாள், சாமான் தட்டைப் பார்த்தாள், பாஞ்சாலியைப் பார்த்தாள். "பொழச்சிக்குவ பொண்ணு" என்று சொல்லிவிட்டு ஆட்டோவுக்குப் போனாள்.

எல்லோரும் கலைந்த பிறகு பாஞ்சாலி இரண்டு தட்டையும் காலி செய்தாள். நட்டுகளையும் வாஷர்களையும் தனித்தனி டப்பாவில் போட்டாள். ஈரத்துணியால் படிக்கல் தட்டைத் துடைத்தாள். சாமான் தட்டின் மேல்பக்கத்தைத் துடைத்தாள். அடிப்பக்கத்தைத் துடைக்கவில்லை. வெளியே வனமாமலை யாரிடமோ போனில் மனையின் நீள அகலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அரை அடி கூடியது.

"தாத்தா, அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா அதையும் சேத்துக் கூட்டிடுவாரு" என்றாள்.

எதைச் சொல்லக் கூடாது என்று நான் கேட்கவில்லை. ஃபேன் ஆஃபில் இருந்தது. வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. காலித் தராசு இரண்டு ஆட்டம் ஆடி, சாமான் தட்டு கொஞ்சம் இறங்க, குங்குமத்தோடு நின்றது.

அந்தத் தட்டின் அடியில் இருபது வாஷர் எடைக்குச் சமமாய் இருபது கிராம் ஈயம் இருக்கிறது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில் நான் ஒட்டியது.